பம்பாய் நகரசபையின் சர் பிரோஸ்ஷா மேத்தா

கடை வைத்து நடத்துவோர் இரவில் கல்லாவை எண்ணி, பேரேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே கதவைச் சாத்துவது வழக்கம். பத்துக் காசு குறைந்தாலும் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்காமல் விடுவதில்லை. ஆனால் அதே வியாபாரி, நகரசபைக்குத் தவணை தவறாமல் செலுத்தும் வரி எங்கே வரவாகி எங்கே செலவாகிறது என்று விசாரிப்பது மிக அபூர்வம். பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று நாம் இருந்துவிடுகிறோம். அந்த விசாரணையையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே நகரசபையில் வீற்றிருந்த ஒரு கனவானின் சரிதையை இவ்விதழில் நம் வர்த்தகச் சகோதரர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அவர் பம்பாய் நகரத்துப் பார்சி சமூகத்தவரான சர் பிரோஸ்ஷா மேத்தா.

அன்னார் 1845-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 4-ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை வியாபாரி, பெரும்பாலான நாட்களைக் கல்கத்தாவிலே கழித்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லாவிட்டாலும் ரசாயன நூல் ஒன்றைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தவர் அவர் என்றால், வீட்டில் கல்விக்கு இருந்த மதிப்பு விளங்கும். மகன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1864-இல் பட்டம் பெற்றார். பிறகு ருஸ்தம்ஜி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பெருந்தனவந்தர், இந்திய இளைஞர் ஐவர் சீமைக்குச் சென்று பாரிஸ்டர் படிப்பதற்காக ஒதுக்கிய ஒன்றரை லட்ச ரூபாயில் இவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஆனால் கொடுத்தவர் இடையிலேயே தம் செல்வத்தை இழக்க, உதவி நின்றுபோயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விலை ஏறிப் பம்பாயில் பணம் புரண்டதும், 1865-இல் போர் முடிந்ததும் விலை விழுந்து பல பெரிய வீடுகள் நொடித்ததும் வியாபார சரித்திரத்தில் பிரசித்தம். பணத்தின் நிலையாமையை அந்த வாலிபர் இருபது வயதிலேயே அருகிருந்து பார்த்துவிட்டார். எப்படியோ சமாளித்துப் படிப்பை முடித்து, 1868-இல் பாரிஸ்டராகத் தாய்நாடு திரும்பினார்.

லண்டனில் அவருக்கு வாய்த்த நண்பர்களில் ஒருவர் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய பத்ருத்தீன் தையப்ஜி. காம்பேயிலிருந்து பம்பாய்க்கு வந்து வியாபாரத்தில் உயர்ந்த முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை. 1867-இல் பாரிஸ்டரானவர்; பம்பாயின் முதல் இந்திய பாரிஸ்டர் அவரே. 1873-இல் பம்பாய் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அஞ்சுமனே இஸ்லாம் என்னும் கல்வி ஸ்தாபனத்தை உண்டாக்கியவர்களில் முதன்மையானவர். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். 1895-இல் உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1906-இல் காலமானார். இவரும் மேத்தாவும், காசிநாத் திரிம்பக் தெலாங் என்ற மராட்டிய அறிஞரும் ஆகிய மூவரே அந்நாளில் பம்பாயின் பொதுவாழ்வைத் தோளில் தாங்கியவர்கள். ஒருவர் பார்சி, ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. வரி செலுத்துவோர் விவகாரத்தில் மூவருக்கும் நோக்கம் ஒன்றாகவே இருந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி பம்பாய் முனிசிபாலிடியின் நிர்வாகம் முழுவதும் ஒரே கமிஷனர் கையில் இருந்தது. அவருக்கு மேலே ஜஸ்டிஸ் ஆப் தி பீஸ் என்னும் பட்டம் பெற்ற கனவான்கள் சபை ஒன்று பெயரளவுக்கு உண்டு. அவர்களை நியமிப்பதும் சர்க்காரே. அப்போதைய கமிஷனர் ஆர்தர் கிராபோர்டு. பம்பாய் போய் வந்த நம் சகோதரர்கள் கிராபோர்டு மார்க்கெட்டை அறிவர். 1869-இல் எழுந்த அந்தச் சந்தை இவர் பெயரால் வழங்கியது. இன்று அதற்கு மகாத்மா ஜோதிபா பூலே பெயர். தெருக்களை அகலப்படுத்தினார், சாக்கடைகளைச் சீர் செய்தார், சந்தைகளைக் கட்டினார். நகரத்தின் அழுக்கு குறைந்தது உண்மை. ஆனால் கேட்பாரின்றிச் செலவு செய்தார். கஜானா காலியாயிற்று. வீட்டு வரி, வண்டி வரி, நகருக்குள் வரும் சரக்கின்மீது சுங்கம் என்று வியாபாரிகள் பல வழியிலும் செலுத்திக்கொண்டிருக்க, கடன் மாத்திரம் ஏறிக்கொண்டே போயிற்று. 1871-இல் நகரமே கொதித்தெழுந்தது. கமிஷனரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதிகாரத்தைப் பிடுங்கி ஒரு கமிட்டியிடம் கொடுக்க வேண்டும் என்று ஏகமாய்க் கூக்குரல்.

அந்த நவம்பர் மாதத்தில் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், இருபத்தாறு வயதுள்ள மேத்தா எழுந்து ஒரு கட்டுரை வாசித்தார். கூட்டத்தின் மனப்போக்குக்கு அது நேர் எதிர். குற்றம் கிராபோர்டின் மீதல்ல, கணக்குக் கேட்க ஆளில்லாத ஏற்பாட்டின் மீதே என்பது அவர் வாதம். கமிட்டியிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தால் பொறுப்பு பத்துப் பேரிடம் சிதறி, கடைசியில் எவரும் பதில் சொல்ல மாட்டார்கள். நிர்வாகம் ஒருவரிடமே இருக்கட்டும், ஆனால் அவரைத் தட்டிக் கேட்கும் சபையை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். இடையிடையே கூச்சலும் குறுக்கீடும் எழுந்தன. கடன்பட்ட நகரத்தில், கடனுக்குக் காரணமானவருக்குப் பரிந்து பேசுகிறவன் என்று அவரை ஏசினார்கள். கைதட்டலை விரும்பும் வாலிப வயதில் இவ்வளவு பேருக்கு எதிராக நிற்பது இலேசான காரியமல்ல என்பதை, சங்கக் கூட்டங்களில் ஒருமுறையாவது எதிர்த்துப் பேசியவர்கள் உணர்வார்கள்.

கூட்டத்தில் தோற்ற யோசனை சட்டத்தில் பெரும்பாலும் வென்றது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 64 அங்கத்தினர் கொண்ட நகரசபை ஏற்பட்டது. பாதிப் பேரை, அதாவது 32 பேரை, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுப்பர். ஜஸ்டிஸ்கள் 16 பேரையும் சர்க்கார் 16 பேரையும் அனுப்புவர். அந்த ஆண்டு ஜனக்கணக்குப்படி பம்பாயில் 6 லட்சத்து 44 ஆயிரம் மக்கள் இருந்தனர். வாக்குரிமை பெற்றவர்களோ சில ஆயிரம் பேரே. குறிப்பிட்ட தொகைக்குமேல் வரி கட்டுகிறவனுக்குத்தான் வாக்கு. கூலிக்காரனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இல்லை. இந்தக் குறையை மேத்தா ஒரு பெருங்குறையாக எண்ணியதாகத் தெரியவில்லை. அவர் காலத்து மிதவாதக் கனவான்கள் யாவரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் குறை குறையே.

1873 முதல் 1915-இல் இறக்கும் வரை அவருடைய பெயரும் நகரசபையின் பெயரும் பிரிக்க முடியாதவை. 1884, 1885, 1905, 1911 ஆகிய ஆண்டுகளில், மொத்தம் நான்கு முறை அச்சபையின் தலைவரானார். தலைவர் பதவி பெரிதும் மரியாதைப் பதவிதான். அவருடைய பலம் அதில் இல்லை. கமிஷனர் கொண்டுவரும் வரவு செலவுத் திட்டத்தை வரிக்கு வரி படிப்பார். பழைய தீர்மானங்களையும் கடிதப் போக்குவரத்தையும் மனத்தில் வைத்திருப்பார். சட்டத்தின் எந்தப் பிரிவு எதற்கு இடம் கொடுக்கிறது, எதற்குக் கொடுக்காது என்று கமிஷனரின் இலாகாவினரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். காகிதங்களைப் படிக்காமலே சபைக்கு வந்து கையைத் தூக்கிவிட்டுப் போகும் அங்கத்தினர்கள் எந்த ஊரிலும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் நடுவில், படித்துவிட்டு வரும் ஒரே மனிதர் எளிதில் சபையையே ஆள்பவராகிவிடுகிறார்.

அவர் தொழில் நடத்தியதும் அதிகமாக வெளியூர்களிலே. குஜராத்திலும் கத்தியவார் சமஸ்தானங்களிலும் பெரிய வழக்குகளில் ஆஜராகி நல்ல வருமானம் பெற்றார். நகரசபைக் கூட்டமென்றால் ஊர் திரும்பிவிடுவார். உடை நேர்த்தியிலும் வாழ்க்கை வசதியிலும் பிரபு போன்றவர். ரயிலில் தனி சலூன் வண்டி அமர்த்திப் பிரயாணம் செய்வார். 1901-இல் கல்கத்தா காங்கிரசுக்குப் போகும் வழியில், அந்தச் சலூனில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை ஏறிவந்து பேச அனுமதி பெற்ற இளம் பாரிஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி.

அவர் ஆற்றிய காரியங்களில் தலையாயது 1888-ஆம் ஆண்டு முனிசிபல் சட்டம். அப்போது அவர் பம்பாய் சட்டசபையில் அங்கத்தினர். சர்க்கார் கொண்டுவந்த முதல் மசோதாவில் சர்க்காரின் பிடி பலமாக இருந்தது. மேத்தாவும் தெலாங்கும் பிரிவு பிரிவாக உட்கார்ந்து திருத்தங்கள் கொண்டுவந்து, மசோதாவை வேறு உருவாக்கிவிட்டார்கள். சபை 72 பேர் கொண்டதாயிற்று. வரி செலுத்துவோர் 36, ஜஸ்டிஸ்கள் 16, சர்க்கார் 16, பல்கலைக்கழகம் 2, வர்த்தகச் சங்கம் 2. வர்த்தகச் சங்கத்துக்குத் தனியே இடம் கிடைத்ததை நம் வாசகர்கள் கவனிக்கலாம். அதைப் பெற்றது ஐரோப்பியக் கம்பெனிகளின் சங்கம் என்பதையும் கவனிக்கத்தான் வேண்டும்.

சட்டத்தின் உட்பொருள் 1871-இல் அவர் சொன்னதே. கமிஷனரைச் சர்க்கார் நியமிக்கும்; அன்றாட வேலையில் யாரும் அவர் கையைப் பிடிக்கக் கூடாது. ஆனால் சபை அனுமதித்த தொகைக்கு மேல் செலவு செய்ய அவருக்கு அதிகாரமில்லை. செலவுத் திட்டத்தை ஸ்டாண்டிங் கமிட்டி முதலில் அலசும், பிறகு சபை நிறைவேற்றும். கணக்குத் தணிக்கை செய்பவரை நியமிப்பது சபையே, கமிஷனர் அல்ல. இன்னும் ஒரு விதி: நகரசபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதில் லாபப் பங்கு உள்ளவர் சபையில் அங்கத்தினராக இருக்க முடியாது. சரக்கை விற்பவரும் அதை வாங்க உத்தரவிடுபவரும் ஒருவராக இருக்கலாகாது என்ற இவ்விதி பின்னாளில் ஒரு வேடிக்கை செய்தது. அதைச் சற்று நேரத்தில் சொல்வோம். பல திருத்தங்களோடு இன்றளவும் மும்பை மாநகராட்சி 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதே நடைபெறுகிறது. கல்கத்தாவில் 1899-இல் மெக்கன்சி சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பலத்தைக் குறைத்தபோது 28 அங்கத்தினர்கள் ராஜிநாமாச் செய்து வெளியேற நேர்ந்தது. நம் நீரிணைக் குடியேற்றங்களிலோ, 1857 முதல் இருந்துவந்த முனிசிபல் தேர்தல் 1913-இல் அடியோடு எடுபட்டது. பம்பாயில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

நகரத்துக்குக் குடிநீர் தரும் விகார் ஏரி 1860-லும் துளசி ஏரி 1879-லும் வந்திருந்தன. தான்சா திட்டம் 1892-இல் நிறைவேறியது. மலபார் குன்றின் நீர்த்தேக்கத்துக்கு மேலே அமைந்த பூங்கா இவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆனால் 1896 செப்டம்பரில், மாண்ட்வி பகுதியில், தானியக் கிட்டங்கிகள் நெருங்கிய தெருக்களில் பிளேக் நோய் தோன்றியது. முதலில் கண்டு சொன்னவர் டாக்டர் வியேகாஸ்; அவரும் நகரசபை அங்கத்தினரே. கடைகள் மூடின. மக்கள் ஆயிரமாயிரமாய் ஊரைவிட்டு ஓடினார்கள். எலி எப்படி நோயைப் பரப்புகிறது என்று அறியாத காலம். நெருக்கமான குடியிருப்புகளை இடித்துப் புதிய தெருக்கள் போட, 1898-இல் சர்க்கார் இம்புரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற தனி ஸ்தாபனத்தை அமைத்தது. நகரசபைக்கு அதில் சில இடங்களே. வரிப்பணத்திலிருந்து மாத்திரம் பங்கு கேட்டது. பணம் எங்களுடையது, அதிகாரம் வேறொருவருடையதா என்பது மேத்தாவின் ஆட்சேபம்.

ஆட்சேபம் நியாயமே. எனினும் எங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழாமலில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நகரசபை இருந்தும், ஒரே அறையில் பத்துப்பேர் அடைந்து கிடந்த அந்தக் குடியிருப்புகளை ஏன் சீர்படுத்தவில்லை? அச்சபையில் வீட்டுச் சொந்தக்காரர்கள் நிறைய இருந்தார்கள், குடியிருந்தவர்களுக்கு வாக்கு இல்லை. டிரஸ்ட் போட்ட தெருக்களுள் ஒன்றான சிடன்ஹாம் சாலைதான், இன்று மும்பையில் நம் சகோதரர்கள் பெருவாரியாகக் கடை வைத்திருக்கும் முகம்மது அலி சாலை. 1933-இல் டிரஸ்ட் நகரசபையோடு இணைக்கப்பட்டது. அதைப் பார்க்க மேத்தா இல்லை.

மற்றொரு நெடுநாள் வழக்கில் அவர் பக்கம் ஜெயம் கிடைத்தது. நகரப் போலீசின் செலவை நகரசபை ஏற்க வேண்டும் என்று சர்க்கார் வசூலித்து வந்தது. போலீசின் மீது சபைக்கு ஓர் அதிகாரமுமில்லை. ஆண்டுக்கணக்காக இதை விடாமல் வாதாடினார்கள். கடைசியில் 1907-இல் ஒரு சட்டம் வந்தது. போலீஸ் செலவு சர்க்காருக்கு. ஆரம்பக் கல்வியும் வைத்திய உதவியும் நகரசபைக்கு. லத்திக்குப் போன வரிப்பணம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் திரும்பியது.

அதே 1907-ஆம் ஆண்டிலேயே அவருக்குப் பெரும் சோதனையும் வந்தது. சபையை ஒரே மனிதர் ஆட்டிவைக்கிறார், அவர் தலையசைத்தாலன்றி எதுவும் நடப்பதில்லை என்ற குறை ஐரோப்பியர் நடுவே வெகுநாளாக இருந்தது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை; எதிர்த்துப் பேசுபவரை அவர் ஏளனத்தால் நசுக்கிவிடுவார், சிறியவர்களின் யோசனைக்குக் காது கொடுப்பது குறைவு. அக்கவுண்டண்ட் ஜெனரலாக இருந்த ஹாரிசன் என்ற உயர் உத்தியோகஸ்தரும், டைம்ஸ் ஆப் இந்தியா ஆசிரியர் லவட் பிரேசரும், வேறு சில அதிகாரிகளும் கூடி ஒரு திட்டம் வகுத்தார்கள். மேத்தா நிற்பது ஜஸ்டிஸ்களின் தொகுதியில்; அங்கே 16 இடங்கள். ஜஸ்டிஸ்களில் பலர் ஐரோப்பியர்கள், சர்க்காரின் தயவை நாடுவோர். பதினாறு பேர் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்து, அதற்கே வாக்கு என்று கட்டுப்பாடாக வேலை செய்தார்கள். வாக்குகளை எண்ணிப் பார்த்தபோது மேத்தாவுக்குக் கிடைத்தது பதினேழாவது இடம்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிக்காத்த சபையின் வாசலில் அவர் வெளியே நின்றார்.

பம்பாய் திகைத்தது. ஏப்ரல் மாதத்தில் மாதவ் பாக்கில் பெருங்கூட்டம் கூடியது. கோபால கிருஷ்ண கோகலே தலைமை வகித்து, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நகரசபைத் தேர்தலில் கை வைத்ததைக் கண்டித்தார். ஆனால் மேத்தாவைத் திரும்பக் கொண்டுவந்தது கூட்டமல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட பதினாறு பேரில் ஒரு வியாபாரிக்கு நகரசபையோடு ஒப்பந்தத் தொடர்பு இருந்தது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. சட்டப்படி அவர் தேர்வு செல்லாது என்று தீர்ப்பாக, அடுத்தபடியாக இருந்த பதினேழாமவர் உள்ளே வந்தார். சபையைச் சுத்தமாக வைக்கப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் சட்டத்தில் எழுதிவைத்த அதே விதி, அதை எழுத உதவியவரையே கைதூக்கிவிட்டது. பதவியிழந்த வியாபாரி மீது நமக்கு இரக்கம் தோன்றலாம். வேண்டுமென்று தவறு செய்தவராக அவரை எண்ண வேண்டியதில்லை. நகரசபைக்குச் சரக்குக் கொடுப்பதும், நகரசபையில் உட்காருவதும் இரண்டும் மரியாதையான காரியங்களே. இரண்டையும் ஒருங்கே செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது.

தேசிய அரங்கில் அவர் 1890-இல் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கியதும், வைஸ்ராயின் சட்டசபையில் வாதாடியதும், 1901-இல் நிலவரி மசோதாவை எதிர்த்துப் பம்பாய்ச் சட்டசபையிலிருந்து வெளிநடப்புச் செய்ததும் யாவரும் அறிந்ததே. 1904-இல் சர் பட்டம் பெற்றார். 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது மிதவாதிகள் பக்கம் அசையாமல் நின்றார்; திலகரின் கட்சியாருக்கு அவர் பேரில் தீராத மனத்தாங்கல். கடல் கடந்த நமக்கு நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. 1896 செப்டம்பர் 26-ஆம் தேதி, பிளேக் செய்தி பரவிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், தென்னாப்பிரிக்க இந்தியர்களின் கஷ்டங்களை எடுத்துரைக்கப் பம்பாயில் கூடிய கூட்டத்துக்கு மேத்தாவே தலைவர். போர்பந்தர் முஸ்லிம் வணிகரான தாதா அப்துல்லாவின் கம்பெனி வழக்குக்காக 1893-இல் நேட்டாலுக்குப் போன காந்தி, அங்கே வியாபாரிகள் படும் பாட்டைச் சொல்ல வந்திருந்தார். பேச்சை முன்கூட்டியே எழுதி அச்சிடச் செய்தவர் மேத்தா. காந்தியின் குரல் எழாமல் போகவே தீன்ஷா வாச்சா அதை எடுத்து வாசித்தார்.

1911-இல் இந்தியரின் முதலோடும் நிர்வாகத்தோடும் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா தொடங்கியபோது முதல் சேர்மன் பதவியை ஏற்றார். 1913-இல் பாம்பே கிரானிக்கிள் தினசரியை நிறுவினார். 1907-இல் ஒரு பத்திரிகாசிரியர் தமக்குச் செய்ததை அவர் மறந்திருக்க மாட்டார் என்று எண்ணுகிறோம். 1915-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸ் பம்பாயில் கூட ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்பே நவம்பர் 5-ஆம் தேதி தம் எழுபதாம் வயதில் காலமானார்.

அவர் விட்டுப்போன ஒரு காரியம் பிறகு முடிந்தது. அந்நாளில் பெரிய ஆஸ்பத்திரிகளின் பதவிகள் யாவும் சர்க்கார் வைத்தியச் சேவையினர் கையில் இருந்தன. தகுதியுள்ள இந்திய டாக்டருக்கு அங்கே இடமில்லை. நகரசபையே சொந்தமாக ஆஸ்பத்திரியும் வைத்தியக் கல்லூரியும் நடத்தி, இந்திய டாக்டர்களையே அமர்த்த வேண்டும் என்று மேத்தா பிடிவாதமாக இருந்தார். 1926-இல் பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரியும் சேத் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் வைத்தியக் கல்லூரியும் திறக்கப்பட்டன. வணிகக் குடும்பத்தின் நன்கொடையும் வரிப்பணமும் சேர்ந்து எழுந்த அந்த ஆஸ்பத்திரி இன்றும் நகரசபையின் கணக்கில்தான் நடக்கிறது.